ரெட்டைக்கும் மரியாதை தெரியும்

"கடந்த நான்கு வாரங்களில் கோல்ஃப் ஆடுவது உங்களுக்கு எவ்வளவு சிரமமாக இருந்தது?"

கேள்வி நல்ல கேள்விதான். கேட்ட இடம்தான் கொஞ்சம் தப்பு. நான் கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ரத்த நோய் வார்டில், கையில் ஊசியும் தலைக்கு மேல் ரத்தப் பையுமாகச் சாய்ந்து கிடந்தேன். எனக்குப் பிறவியிலேயே தலசீமியா. என் உடம்பு சொந்தமாகச் செய்கிற ரத்தம் ஒன்றுக்கும் உதவாது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஊரார் ரத்தத்தை ஏற்றிக்கொண்டு காலத்தை ஓட்டுகிறேன். அப்படிப்பட்டவள் மடியில் ஒரு டேப்லெட்டை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மேலே 'வாழ்க்கைத் தர வினாத்தாள்' என்று போட்டிருந்தது.

குறிப்புப் பெட்டியில் எழுதினேன்: "மிகவும் சிரமம். குச்சியை இரவல் வாங்கிப் போன பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் திருப்பித் தரவில்லை."

அடுத்த கேள்வி: "நீங்கள் நீலமாக உணர்ந்தீர்களா?" எந்த மெஷின் எந்த மொழியிலிருந்து பெயர்த்ததோ, அதற்கே வெளிச்சம். "இல்லை. எனக்கு எப்போதும் மஞ்சள்தான். கண்ணைப் பார்த்தால் தெரியும்" என்று எழுதிவிட்டு, டேப்லெட்டைத் தலைகுப்புறக் கவிழ்த்துத் தூங்கிப்போனேன்.

அடுத்த முறை ரத்தம் ஏற்றப் போனபோது ஒரு பெண்மணி வார்டு வாசலில் நின்றுகொண்டு, "இங்க சௌடாம்பிகா யாரு?" என்று கேட்டார்.

"நாந்தானுங். கோல்ஃப் டீமுக்கு ஆள் எடுக்கறீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெயர் டாக்டர் ஷப்னம். ஆம்பூர்க்காரர். ஊசி போடாத டாக்டர். வலியையும் களைப்பையும் கவலையையும் எண்ணாக மாற்றுவது எப்படி என்று படித்துப் பட்டம் வாங்கியவர்.

"உங்க குறிப்பெல்லாம் படிச்சேன்" என்றார். "மத்தவங்க யாருமே அந்தப் பெட்டியில ஒரு வார்த்தை எழுதலை. எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில். சிரமம் இல்லை, சிரமம் இல்லை, சிரமம் இல்லை. கோல்ஃப் ஆடறதுக்குக்கூட சிரமம் இல்லையாம். இந்தத் தமிழைச் சரி பண்ண என்கூட வேலை பாக்கறீங்களா?"

எனக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருந்தது. கிரைண்டர் கம்பெனி ஒன்றில் புகார்ப் பிரிவு. 'கல்லு சுத்தலை, உங்க முதலாளியக் கூப்புடு' என்று கத்துகிறவர்களுக்கு போனில் பதில் சொல்வேன். மனுசன் எப்படியெல்லாம் குறை சொல்வான் என்பதில் எனக்கு நல்ல அனுபவம். அதனால் சரி என்றேன்.

கோல்ஃபை எடுத்துவிட்டு 'டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போவது' என்று மாற்றினேன். நீலத்தை எடுத்துவிட்டு 'மனசு கனத்துப் போனதா' என்று போட்டேன். தமிழ் நன்றாகத்தான் ஆனது. பதில்தான் ஆகவில்லை.

"தராசு வாங்கினா என்ன பண்ணுவீங்க?" என்று ஷப்னம் மேடம் எனக்குப் பாடம் எடுத்தார். "ஒரே பொருளை ரெண்டு தடவை வெச்சுப் பாப்பீங்க. ரெண்டு தடவையும் ஒரே எடை காட்டினாத்தான் சரியான தராசு. வினாத்தாளும் அப்படித்தான். ரெண்டு வாரம் கழிச்சு அதே கேள்வியை மறுபடி கேப்போம். உடம்பு மாறலைன்னா பதிலும் மாறக் கூடாது."

"மாறுதுங்களா?"

"உங்க ஊர்ல அத்தனை பேரும் ரெண்டே வாரத்துல குணமாயிடறாங்க."

காரணம் என்ன என்று பார்க்க நாச்சிமுத்து அண்ணனிடம் போனோம். என் பக்கத்துக் கட்டில்காரர். அன்னூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். அவருக்கு ஹீமோபிலியா. ரத்தம் உறையாது. அடிபட வேண்டும் என்றுகூட இல்லை, சும்மா இருக்கும்போதே மூட்டுக்குள் கசிந்து வீங்கும். வலது முழங்கால் பலாக்காய் மாதிரி இருக்கும். செம்புக் கம்பியோடு வேலை பார்க்க இந்த நோய்க்காரரைத் தவிர வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று கேட்டால் சிரிப்பார்.

"ஏனுங்ணா, போன தடவ 'கொஞ்சம் வலி'ன்னு சொன்னீங். இப்ப 'வலியே இல்லை'ங்கறீங். முட்டி அப்படியேதான இருக்குது?" என்று கேட்டேன்.

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "இல்ல அம்மணி, பள்ளிக்கூடத்துல வாத்தியாரு ஒரு கேள்விய மறுக்கா கேட்டா என்னன்னு அர்த்தம்? மொதல்ல சொன்னது தப்புன்னு அர்த்தம். மேடம் அவ்வளவு தூரத்துல இருந்து வந்து மறுக்கா கேக்கறாங். நாந்தான் தப்பாச் சொல்லிப்போட்டேன்னு மாத்திச் சொன்னேன்."

ஷப்னம் மேடம் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். அத்தனை பெரிய படிப்பில் இது வரவில்லை போலிருக்கிறது.

சும்மா சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக இருந்தால் நானும் போயிருப்பேன். ஆனால் அந்த வினாத்தாளில் வருகிற மார்க்கில்தான் உயிர் இருந்தது. அப்போது மரபணுத் திருத்த மருந்து வந்துவிட்டது. ஒருமுறை ஏற்றினால் போதும், பிறவி ரத்த நோய் போய்விடும். ஆளுக்கு ஆள் தனித்தனியாகத் தயாரிக்க வேண்டும். தயாரிக்கும் கூடமோ மாநிலத்துக்கே ஒன்று. ஆறு மாதத்துக்கு ஒரு சுற்று. எங்கள் வார்டுக்குச் சுற்றுக்கு ஓர் இடம். டாக்டர்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் சிபாரிசு புகுந்துவிடும், நோயாளியின் குரலுக்கே முன்னுரிமை என்று அரசில் மேசையைத் தட்டி முடிவு செய்திருந்தார்கள். வாழ்க்கைத் தரம் நூற்றுக்கு நாற்பதுக்குக் கீழே இருக்க வேண்டும். அதிலும் யார் மிகக் குறைவோ அவருக்கு இடம். பெயில் ஆனால்தான் பாஸ். நல்ல எண்ணம்தான். எங்கள் ஊர் நோயாளிக்குக் குரலே வராது என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

நாச்சிமுத்து அண்ணனுக்கு வந்த மார்க் எண்பத்திரண்டு. அவருடைய உடம்பு, ரத்தத்தை உறைய வைக்கும் மருந்தை எதிரி என்று நினைத்து அழிக்க ஆரம்பித்திருந்தது. போன மழைக்காலத்தில் மண்டைக்குள் கசிந்து, பிழைத்ததே பெரிய காரியம். இன்னொரு முறை அப்படி ஆனால் கொடுக்கக் கையில் எதுவும் இல்லை என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். அந்த மனுசன்தான் எண்பத்திரண்டு வாங்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில்கூட இவ்வளவு வாங்கியதில்லை என்று பெருமைப்பட்டார்.

மனுசர்களை நம்பி இனிப் பயனில்லை என்றுதான் ரெட்டை வந்தது.

அரசு வைத்த பெயர் 'உடல் பிரதி'. நாங்கள் ரெட்டை என்றோம். தோலுக்கு அடியில் ஓர் அரிசி அளவுக்குக் கருவி வைப்பார்கள். ரத்தம், தூக்கம், நடை, பேச்சு, நெஞ்சுத் துடிப்பு, மூட்டு வீக்கம் எல்லாவற்றையும் அது படிக்கும். அதிலிருந்து கம்ப்யூட்டருக்குள் நம்மைப் போலவே ஒருவர் உருவாவார். நம் குரலில் பேசுவார். கேள்வியை அவரிடம் கேட்டுக்கொள்ளலாம். ஆளைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

"ஆனா மொதல்ல சரிபாக்கணும்" என்றார் மேடம். "ரெட்டை சொல்றதை நீங்க கேட்டு, 'ஆமா, இது என் பதில்தான்'னு ஒத்துக்கணும். இல்லைன்னு சொன்னா ரெட்டை தன்னைத் திருத்திக்கும். ரெண்டு பேரும் ஒத்துப் போற வரைக்கும் இது நடக்கும்."

முதலில் என் ரெட்டையைக் கேட்டேன். அது ஏதோ உளறியது. மாடிப்படி ஏறும்போது நடுவில் நிற்கிறேனாம். படுத்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறதாம். "யாரோட ரெட்டையோ எனக்கு மாறி வந்துருச்சாட்ட இருக்குதுங் மேடம்" என்று சொல்லி அதன் வாயை அடைத்தேன். அதை விடுங்கள். விஷயம் நாச்சிமுத்து அண்ணனைப் பற்றியது.

அன்றைக்கு அவர் மனைவி மயிலாத்தா அக்காவும் வந்திருந்தார். மேடம் ரெட்டையிடம், "வலி எப்படி இருக்குங்க?" என்று கேட்டார். டேப்லெட்டிலிருந்து அண்ணனின் அதே குரல், அதே இழுவை:

"உசுரு போவுதுங் மேடம். மயிலா தூங்கட்டும்னு பாத்துட்டே இருப்பேனுங். தூங்குனதுக்கப்புறம் தலகாணியக் கடிச்சுக்குவேன். ஒருநாளு கெணத்துப் பக்கம்கூடப் போய் நின்னுட்டு வந்தேனுங்."

மயிலாத்தா அக்கா கையிலிருந்த டிபன் பாக்ஸின் மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அண்ணன் முகம் கறுத்துவிட்டது.

"அது நானில்லீங் மேடம்" என்றார். "மெசினுக்குக் காயில் போயிருச்சாட்ட இருக்குதுங். எனக்குப் பரவால்லீங்."

எனக்கு வந்த கோபத்தில் ரத்தப் பையையே பிடுங்கி எறிந்திருப்பேன். ஊரார் ரத்தம் என்று பொறுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ரெட்டை, "வலி இருக்குதுங், தாங்கிக்கலாமுங்" என்றது. அதையும் அண்ணன் மறுத்தார். அதற்கடுத்த வாரம், "லேசா இருக்குதுங்." பிறகு ஒரு நாள் மேடம் வாயைத் திறக்கும் முன்பே ரெட்டை முந்திக்கொண்டு, "பரவால்லீங் மேடம். நீங்க சாப்ட்டீங்களா?" என்று கேட்டது.

வார்டில் எல்லா ரெட்டைக்கும் இதே கதைதான். உடம்பின் உள்ளே நடப்பதெல்லாம் அவற்றுக்குத் தெரியும். சொல்லக் கூடாது என்பதும் இப்போது தெரிந்துவிட்டது. லட்சக்கணக்கில் கணக்குப் போடும் மெஷினை ஒரே மாதத்தில் கொங்கு நாட்டு மருமகளாக மாற்றிவிட்டார்கள்.

"ஒத்துப்போற அளவு பிரமாதம்" என்றார் மேடம். சொல்லும்போது குரலில் சந்தோஷமே இல்லை. "மேல அனுப்பினா உடனே ஏத்துக்குவாங்க. இவ்வளவு நல்லா ஒத்துப்போன கருவி எங்கயுமே கிடையாது."

"ரெண்டு பேரும் சேந்து ஒரே பொய்யச் சொன்னா அதுக்குப் பேரு ஒத்துப்போறதுங்களா?"

"ஆமா" என்றார் மேடம். "கணக்குப்படி அதுக்கும் அதே பேருதான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுற்று முடிய இன்னும் சில நாள்தான் இருந்தது.

அண்ணனைத் தனியாகப் பிடித்தேன். "அழுத புள்ளதான் பால் குடிக்கும். வாயத் தொறந்து சொன்னா என்னங்ணா?"

"ஊட்டுக்கு வந்தவங்ககிட்டக் கொறையச் சொல்றது அழகா அம்மணி?"

"இது ஊடு இல்லீங்ணா. ஆஸ்பத்திரி."

"மேடம் கேக்கறப்ப மயிலா வேற நிக்கறா. அவளுக்குத் தெரிஞ்சா வெசனப்படுவா." அவ்வளவுதான். பேச்சு முடிந்தது. கல் சுற்றாத கிரைண்டருக்காக என்னிடம் கத்துகிற அதே ஜாதி ஜனம், தன் முட்டி சுற்றாததற்கு வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொள்கிறது. இவர் செத்துப்போவார், மார்க் மட்டும் எண்பத்திரண்டில் நிற்கும் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

வந்து படுத்து, ரத்தம் ஏற ஆரம்பித்ததும் அப்படியே கண் அசந்துவிட்டேன். யாரோ கத்துகிற சத்தம் கேட்டு விழித்தேன்.

"ஏனுங் சிஸ்டர்! அம்மணிக்குப் பை தீந்து எவ்வளவு நேரமாச்சு! கூப்புடறது காதுல உழுவுதா இல்லையா? மனுசங்கதான படுத்துக் கெடக்கறாங்க இங்க?"

நாச்சிமுத்து அண்ணன். கட்டிலை விட்டு இறங்கி, அந்த முழங்காலோடு நொண்டிக்கொண்டு நர்ஸ் மேசை வரைக்கும் போய் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். தனக்கு ஒரு வலி மாத்திரை கேட்டு வாய் திறக்காதவர். அவருக்குப் பின்னால் மயிலாத்தா அக்காவும் சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார். எனக்குச் சட்டென்று புத்தியில் உறைத்தது. இந்த ஜனத்துக்குக் குறை சொல்லத் தெரியாமல் இல்லை. தனக்கு என்றால்தான் கூச்சம்.

மேடத்துக்கு உடனே போன் போட்டேன். "மேடம், ஒருத்தர் ஒடம்புக் கணக்க இன்னொருத்தர் ரெட்டைகிட்டக் குடுத்துக் கேக்க முடியுமுங்களா? அண்ணனோட ஒடம்ப என் ரெட்டைகிட்டக் குடுங்க. 'உனக்கு எப்படி'ன்னு கேக்காதீங்க. 'பக்கத்துக் கட்டில்காரருக்கு எப்படி'ன்னு கேளுங்க."

"நெறிமுறைக் குழு என்னைக் கொன்னுடும்" என்றார் மேடம். பிறகு, "ரெண்டு பேர்கிட்டயும் எழுத்துல சம்மதம் வாங்கணும். அப்புறமும் அவங்கவங்க ஒத்துக்கணும். அந்த விதி மாறாது. மாத்திக் கேக்கறதுன்னா உங்க உடம்பும் அவர் ரெட்டைகிட்டப் போகும். பரவாயில்லையா?" என்று கேட்டார்.

"தாராளமாக் கேளுங்" என்றேன். அப்போது எனக்கு இருந்த உற்சாகத்தில் யானையைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

அண்ணனிடமும் கையெழுத்து வாங்கி, நாள் குறித்து, மேடம், அண்ணன், அக்கா, நான் என்று நால்வரும் சின்ன அறையில் உட்கார்ந்தோம். மேடம் என் ரெட்டையிடம் கேட்டார்: "நாச்சிமுத்து எப்படி இருக்காரு?"

என் குரலில் பதில் வந்தது. "அந்த அண்ணனப் பத்தியா கேக்கறீங்? நல்லா உக்காருங் மேடம், கொஞ்சம் நேரமாவும். அந்த மனுசனுக்கு முட்டி உள்ளாற எலும்பும் எலும்பும் ஒரசுது. ராத்திரில ஒரு மணி நேரம் சேந்தாப்ல தூங்கறதில்ல. எந்தப் பக்கம் திரும்புனாலும் நோவு. காலைல எந்திரிச்சு மொகத்த நல்லா வெச்சுட்டுக் கடைக்குப் போறாரு. இவருக்கு எண்பத்திரண்டு போட்ட ஆளக் கூட்டிட்டு வாங்க, நான் பேசிக்கறேன்."

என் வாயை நானே வெளியிலிருந்து கேட்டது அதுதான் முதல் முறை. வீட்டில் என்னை எப்படிப் பொறுத்துக்கொள்கிறார்களோ தெரியவில்லை.

"மார்க் முப்பத்தேழு" என்றார் மேடம். "நாச்சிமுத்து, இது சரிதானா?"

அண்ணன் வாயைத் திறந்தார். மூடினார். தவறு என்று சொல்ல வேண்டுமானால் என்னைப் பொய் சொல்லி என்று சொல்ல வேண்டும். அடுத்தவர் வீட்டுப் பெண்ணை, அதுவும் முகத்துக்கு நேரே. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

"அம்மணி சொன்னா..." என்று இழுத்தார். "சரியாத்தானுங் இருக்கும்."

"சரிதானுங் மேடம்" என்றார் மயிலாத்தா அக்கா. அதுவரை அந்த அறையில் அவர் பேசவே இல்லை. "தலகாணி ஒறைய நாந்தான தொவைக்கறேன்? பல்லுத் தடம் தெரியாதுங்களா? நான் முழிச்சிருக்கறது தெரிஞ்சா இவரு அதையும் கடிக்க மாட்டாருன்னு தூங்கறாப்ல படுத்துக்குவேனுங்."

அண்ணன் அவரைத் திரும்பிப் பார்த்தார். எத்தனையோ வருசமாக ஒரே பாயில் இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் நடித்திருக்கிறார்கள். அக்கா டிபன் பாக்ஸைத் திறந்து, "சாப்புடுங்" என்று அவர் முன்னால் வைத்தார். அவர் அழுதுகொண்டே ஒரு பணியாரத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

நான் கையைத் தட்டிவிட்டு எழுந்தேன். இடம் அண்ணனுக்கு. வேலை முடிந்தது.

"உக்காருங்க" என்றார் மேடம். "இன்னும் ஒருத்தர் பாக்கி."

நாச்சிமுத்து அண்ணனின் ரெட்டை, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தது. "அம்மணியப் பத்தி நான் சொல்றது மரியாதையா இருக்காதுங். கேட்டதால சொல்றேனுங். நல்லாப் பேசும்ங். சிரிக்க வைக்கும்ங். ஆனா ஏத்துன ரத்தத்துல இருந்த இரும்பெல்லாம் அதோட நெஞ்சுல போய்ப் படிஞ்சிருக்குதுங். படி ஏற முடியறதில்லீங். எதாச்சும் நக்கலாச் சொல்லுது பாருங், அப்பெல்லாம் நெஞ்சு தறி கெட்டு அடிக்குதுங். பயந்தாத்தான் அந்தப் புள்ள சோக்கு அடிக்குமுங். நாள் முச்சூடும் சோக்குதானுங்."

மேடம் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "முப்பத்தொண்ணு" என்றார்.

இடம் ஒன்று. யார் மிகக் குறைவோ அவருக்கு.

எனக்குப் பயமாக இருந்தது. அது உண்மை, அந்த ரெட்டை சொன்னதும் உண்மை. ஒரு வருசமாகவே தெரியும். வாய் கிழிய ஊருக்கு உபதேசம் செய்தவள், ஸ்கேன் எடுக்கச் சொன்ன சீட்டைக் கைப்பையின் அடியில் போட்டு வைத்திருந்தேன். நெஞ்சு ஆறு மாதம் தாங்குமா தாங்காதா, தெரியாது. அண்ணன் மண்டை தாங்காது, அது தெரியும். அவர் இன்னும் பணியாரத்தை மென்றுகொண்டிருந்தார். அக்கா அவர் முதுகில் கை வைத்திருந்தார்.

"சௌடாம்பிகா" என்றார் மேடம். "இது உங்க நிலைதானா?"

அடுத்தவரைப் பொய்யர் என்று முகத்துக்கு நேரே சொல்ல நாச்சிமுத்து அண்ணனுக்கு வாய் வரவில்லை. நல்ல வேளை, எனக்கு அந்த அளவுக்கு மரியாதை தெரியாது.

"சுத்தப் பொய்யுங் மேடம்" என்றேன். "அண்ணனோட ரெட்டைக்குக் காயில் போயிருச்சு. எனக்குப் பரவால்லீங். நீங்க சாப்ட்டீங்களா?"

அண்ணன் மெல்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மேடம் திரையில் எதையோ தட்டினார். இந்தச் சுற்று, நாச்சிமுத்து, முப்பத்தேழு. டேப்லெட்டை மூடிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசல் வரை போய்விட்டுத் திரும்பினார்.

"அடுத்த சுத்துக்கு இப்பவே பதிவு ஆரம்பிக்கப் போறேன்" என்றார். "ரெண்டு வாரத்துல வந்து, இதே கேள்வியை உங்ககிட்ட மறுபடி கேப்பேன்."

எங்கள் ஊரில் ஒரு கேள்வியை மறுபடி கேட்டால் என்ன அர்த்தம் என்று அந்தம்மாவுக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

"சரீங்" என்றேன்.